கை எட்டும் தூரம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹாலில் நின்று "பரவாயில்லையே" என்பார்கள். சமையலறை வாசலுக்கு வந்ததும் "இவ்வளவுதானா?" என்று குரல் இறங்கிவிடும். சென்னையிலோ கோவையிலோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டுகிற விலையில் ஒரு ஃபிளாட் என்றால், அதன் சமையலறை பெரும்பாலும் எட்டுக்கு ஏழு, இல்லையென்றால் ஒன்பதுக்கு ஆறு. நாட்டின் கட்டட விதித்தொகுப்பே இதற்கு இடம் கொடுக்கிறது. சாப்பிடத் தனி இடம் இருந்தால் சமையலறைக்கு 5 சதுர மீட்டர் போதும், அகலம் மட்டும் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது அது. நம் கணக்கில் 54 சதுர அடி.

இருபதாம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற சமையலறை இதைவிட ஒன்றரை சதுர மீட்டர்தான் பெரியது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அகலத்தில் நம் குறைந்தபட்ச விதியைவிட நான்கே அங்குலம் கூடுதல். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக 1926-ல் வடிவமைக்கப்பட்ட அந்த அடுக்களை, இன்று நியூயார்க்கிலும் லண்டனிலும் அருங்காட்சியகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இத்தனைக்கும் அதில் தங்கமோ பளிங்கோ கிடையாது. மரம், அலுமினியம், ஓடு, நீலப் பச்சைப் பெயின்ட், அவ்வளவுதான்.

அதைப் படைத்தவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 29. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானிய நகரங்களில் குடியிருக்க வீடு கிடைக்காமல் மக்கள் தவித்தார்கள். ஃபிராங்ஃபர்ட்டின் கட்டடத் துறைத் தலைவர் எர்ன்ஸ்ட் மே, குறைந்த செலவில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டும் வேலையில் இறங்கியிருந்தார். செலவைக் குறைக்க வேண்டுமானால் பரப்பைக் குறைக்க வேண்டும், பரப்பைக் குறைத்தால் முதலில் சுருங்குவது அடுக்களை. அந்தச் சுருக்கத்தைத் தொல்லையாக்காமல் வசதியாக்குவது எப்படி என்ற கேள்வியோடுதான் மே இவரை அழைத்தார்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்வரை தான் சமைத்ததே இல்லை, வீட்டு நிர்வாகம் பார்த்ததும் இல்லை என்று லிஹோட்ஸ்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமைக்கத் தெரியாதவர் சமையலறை கட்டலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். ஆனால் அதுவே அவருக்குச் சாதகமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பழகிய கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது. அடுக்களையை அவர் ஒரு பட்டறையாகப் பார்த்தார். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எத்தனை அடி நடை என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு கணக்கெடுத்தார். முன்மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ரயிலின் உணவுப் பெட்டி. ஓடும் வண்டியில், இரண்டு பேர் ஒதுங்கி நிற்கவும் சிரமமான ஒரு மூலையில், பெட்டி நிறைய உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்குச் சூப்பிலிருந்து இனிப்புவரை போகிறது. அங்கே சாத்தியமென்றால் வீட்டில் ஏன் முடியாது?

அந்த அடுக்களைக்குள் நுழைந்து பார்க்கலாம். கோடியில் ஜன்னல். ஜன்னலுக்குக் கீழே வேலை மேடை, பகல் வெளிச்சம் நேரே கைமேல் விழும்படி. மேடை முன்னால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சுழல் ஸ்டூல். காய் நறுக்க நிற்க வேண்டியதில்லை, உட்காரலாம். மேடையிலேயே ஒரு பள்ளம். நறுக்கிய கழிவைக் கையால் தள்ளினால் கீழே உள்ள தட்டில் விழும். பக்கத்தில் தொட்டி. தொட்டியை ஒட்டித் தட்டு ஸ்டாண்ட். கழுவி அடுக்கினால் தானே வடிந்து காயும், துணி எடுத்துத் துடைக்கும் வேலை மிச்சம். அரிசி, சர்க்கரைக்குக் கைப்பிடி வைத்த அலுமினிய இழுப்பறைகள் வரிசையாக. ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்திருக்கும், நுனியில் மூக்கு வைத்திருக்கும். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம். மாவு வைக்கும் பெட்டி மட்டும் ஓக் மரம், அதிலுள்ள துவர்ப்புச் சத்துக்குப் புழு அண்டாது என்பதால். நறுக்கும் பலகை பீச் மரம், கறையும் கத்திக் கீறலும் எளிதில் ஏறாது என்பதால். கூரையில் ஒரு தண்டவாளம். விளக்கை அதில் தள்ளி வேலை நடக்கும் இடத்துக்கு நேர்மேலே கொண்டுவரலாம். துணி தேய்க்கும் பலகை சுவரிலிருந்து மடக்கி இறக்குவது. ஈ நீல நிறத்தை விரும்பாது என்று அந்நாளில் நம்பினார்கள். அதனால்தான் அந்த நீலப் பச்சைப் பெயின்ட். ஈ அந்த நம்பிக்கையை மதித்ததா என்பது வேறு விஷயம்.

இப்படிச் சுமார் 10,000 அடுக்களைகள் ஃபிராங்ஃபர்ட் வீடுகளில் பொருத்தப்பட்டன. நாம் இன்று "மாடுலர் கிச்சன்" என்று லட்சங்களைக் கொட்டி வாங்குவதன் பாட்டி இதுதான். லிஹோட்ஸ்கி பின்னர் நாஜிகளை எதிர்த்து இயங்கிக் கைதாகிப் போர் முடியும்வரை சிறையில் இருந்தார். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில், 103-வது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது இறந்தார்.

சின்ன அடுக்களை ஒன்றின் உண்மையான அளவு என்ன என்பதை இந்தக் கதை மாற்றிப் போடுகிறது. சமையலறைத் தரையில் நாம் எதையும் சமைப்பதில்லை, வைப்பதும் இல்லை. தரை நடப்பதற்கு மட்டும்தான். தரை கூடினால் நடைதான் கூடும். கை எட்டும் தூரத்துக்குள் எவ்வளவு அடங்குகிறது என்பதுதான் அடுக்களையின் அளவு.

இதை எண்ணிக்கையோடு காட்டியவர் அமெரிக்காவின் லிலியன் கில்பிரெத். தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் படம் பிடித்து ஆராய்ந்த பொறியாளர், பன்னிரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். இவருக்கும் சமையல் கைவராது என்பது இந்தத் துறையின் ராசி போலிருக்கிறது. அவர் ஓர் அடுக்களையைத் திருத்தி அமைத்துவிட்டு, பழைய அமைப்பிலும் புதிய அமைப்பிலும் ஒரே ஸ்ட்ராபெரி கேக்கைச் செய்யவைத்து நடையை எண்ணினார். பழையதில் 281 காலடி, புதியதில் 45. அடுப்பு அதே அடுப்பு, கேக்கும் அதே கேக். சாமான்கள் இருந்த இடம் மட்டும் மாறியிருந்தது. பின்னர், 1940-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அடுப்பு, தொட்டி, குளிர்பெட்டி மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தை அளந்தார்கள். அதன் மூன்று பக்கங்களும் சேர்ந்து 4 மீட்டருக்குக் குறைந்தால் நெருக்கம், 8 மீட்டரைத் தாண்டினால் கால்வலி என்று ஒரு கணக்கு வந்தது. ஃபிளாட்டின் சிறிய அடுக்களை இயல்பிலேயே இந்த வரம்பின் கீழ்முனையை ஒட்டி வந்துவிடுகிறது. பெரிய பங்களாவின் அடுக்களைதான் தோற்கும்.

ஆனால் நம் ஊரில் அந்த முக்கோணத்தை உடைக்கிற ஒரு பழக்கம் இருக்கிறது. உள்ளே இடமில்லை என்று ஃபிரிட்ஜை ஹாலுக்குத் தள்ளிவிடுகிறோம். ஸ்ட்ராபெரி கேக்கை விடுங்கள், ஒரு டம்ளர் ஃபில்டர் காபியை எடுத்துக்கொள்வோம். பால் ஹாலில், ஃபிரிட்ஜில். காபிப் பொடி மேல் அலமாரியில், மற்ற பொடிகளோடு. சர்க்கரை மளிகை டப்பாக்களின் வரிசையில். ஃபில்டர் கழுவிக் கவிழ்த்த கூடையில். டபரா டம்ளர் எதிர்ப்பக்க ஸ்டாண்டில். டிக்காஷன் இறங்குவதற்குள் அடுக்களையை நாலு முறை வலம் வந்தாகிவிடும். பொடியைப் பொடிகளோடும், டம்ளரை டம்ளர்களோடும் வைப்பது கடைக்காரர் முறை; அவருக்குக் கணக்குப் பார்க்க அது வசதி. சமைக்கிறவருக்கு வசதி வேறு: ஒரு வேலைக்கு வேண்டியதெல்லாம் ஓரிடத்தில், அந்த வேலை தொடங்கும் இடத்தில். பொடி, சர்க்கரை, ஃபில்டர், நான்கு டபரா செட் ஆகியவற்றை அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தால் மிச்சமிருப்பது பாலுக்கான ஒரு நடைதான். கடுகு, உளுந்து, சீரகம், மிளகாய் என்று தாளிப்பதற்கு வேண்டியதை ஒரே பெட்டியில் அடக்கிய அஞ்சறைப் பெட்டிக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எண்ணெய் புகைகிற அந்தச் சில நொடிகளில் மூடி திறக்க நேரமில்லை என்பதால் பிறந்த கண்டுபிடிப்பு அது. அந்த நியாயத்தை மற்ற வேலைகளுக்கு நீட்டினால் போதும்.

அடுத்து உயரம். இதில்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. மேடையின் உயரத்தைத் தீர்மானிப்பது யார்? கொத்தனார். அவர் எத்தனை வீடு கட்டினாரோ அத்தனைக்கும் ஒரே அளவு. மேடை, நிற்பவரின் முழங்கை மட்டத்துக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே இருந்தால் நறுக்கவும் கலக்கவும் தோளுக்குச் சிரமமில்லை என்பது உடலியல் கணக்கு. இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஐந்தடியை ஒட்டி இருக்கிறது, ஏறத்தாழ 152 செ.மீ. அவர் முழங்கை தரையிலிருந்து 95 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஆக, மேடை 80-லிருந்து 85 செ.மீ. வரை. அமெரிக்காவில் வழக்கமான அளவு 91. படத்தைப் பார்த்து அதை அப்படியே இங்கே கட்டினால், வீட்டுக்காரி வாழ்நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே கத்தி பிடிக்க வேண்டும்.

மேடை சரியாக இருந்தாலும் அடுப்பு ஏமாற்றும். 84 செ.மீ. மேடைமேல் 11 செ.மீ. அடுப்பு, அதன்மேல் 20 செ.மீ. உயரக் குக்கர். குக்கரின் வாய் 115 செ.மீ.; முழங்கையைவிட ஒரு சாண் மேலே. அந்த உயரத்தில் பொங்கல் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் ஒரு 10 செ.மீ. தாழ்த்திக் கட்டினால் இது தீரும். மாவு பிசைவதற்கும் தாழ்ந்த இடம்தான் நல்லது, ஏனென்றால் அங்கே கையின் பலத்தைவிட உடம்பின் எடை வேலை செய்ய வேண்டும். பழைய வீடுகளில் அம்மியும் அரிவாள்மணையும் தரையில் இருந்ததில் இந்த நியாயம் ஒளிந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து கை வீசும் வட்டத்துக்குள் எல்லாம் இருக்கும். கூடவே விறகுப் புகையும் முகத்துக்கு நேரே இருந்தது. அதை மறந்துவிட்டுப் பழமையைப் பாட வேண்டாம்.

அலமாரிக்கு வருவோம். ஆழமான அலமாரியில் நிறையக் கொள்ளும் என்று நினைக்கிறோம். கடப்பா கல் பதித்த அலமாரி ஒன்றே முக்கால் அடி ஆழம் என்றால், முன்வரிசைக்குப் பின்னால் இரண்டாவது வரிசை, அதற்குப் பின்னால் போன தீபாவளிக்கு வாங்கிய பச்சைக் கற்பூரம். முன்னால் இருப்பதை நகர்த்தாமல் எடுக்க முடியாத எதுவும் மெல்ல மெல்ல இல்லாத பொருளாகிவிடுகிறது. இருப்பது தெரியாமல் இன்னொன்று வாங்குகிறோம். ஒரு டப்பா ஆழம்தான் சரியான ஆழம். மேல் அலமாரி ஓர் அடிக்கு மேல் போகாமலிருக்கக் காரணம் அதுதான். அறுபது செ.மீ. அகல மேடைக்கு இப்பாலிருந்து, ஐந்தடி உயரக்காரர் எம்பாமல் எடுக்கக்கூடிய உச்சி ஏறத்தாழ 170 செ.மீ. அதற்கு மேலே வைப்பதெல்லாம் பொங்கலுக்கும் ஆடிக்கும் இறங்குகிற பாத்திரமாக இருக்கட்டும். எண்ணெயும் பருப்பும் அங்கே வேண்டாம். அடுப்பின் சூடு மேலேறிக் கூரையடியில்தான் தங்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும்.

டப்பாவின் வடிவத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. பத்து செ.மீ. பக்கமும் பதினைந்து செ.மீ. உயரமும் உள்ள சதுர டப்பாவில் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். அதே இடத்தை அடைக்கிற வட்ட டப்பாவில் 1.18 லிட்டர்தான். சதுரத்துக்குள் வட்டம் போட்டால் மூலைகளில் 21 சதவீதத்துக்கு மேல் வீண். எவர்சில்வர் டப்பாக்கள் ஐந்து வாங்குகிற இடத்தில், சதுரத்தில் நான்கு வாங்கினால் சரக்கு அதே அளவு. வட்டத்துக்கு ஒரு நன்மை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மூலை இல்லாததால் கழுவுவது எளிது, மாவு ஒட்டாது. அதனால் அன்றாடம் கழுவுவதற்கு வட்டம், மாதம் ஒருமுறை நிரப்புவதற்குச் சதுரம். பாத்திரங்களுக்கோ நம்மவர்கள் கண்டுபிடித்த அடுக்கு முறையை மிஞ்ச முடியாது. ஏழு பாத்திரம் ஒன்றுக்குள் ஒன்று இறங்கினால் ஏழுக்கும் சேர்த்துப் பெரியது ஒன்றின் இடம்தான்.

இடத்தைப் பக்கவாட்டில் தேடி முடித்தவர்கள் செங்குத்தாகத் தேடுவார்கள். அப்படித் தேடியவர்களில் ஒருவர் கொல்கத்தா மருத்துவர் இந்துமாதவ் மல்லிக். 1910 வாக்கில் அவர் உருவாக்கிய இக்மிக் குக்கரில், அடியில் கரி அடுப்பு, மேலே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிண்ணங்கள். சாதம், பருப்பு, காய் எல்லாம் ஒரே நெருப்பில் வேகும். நம் பிரஷர் குக்கருக்குள் இறங்கும் அடுக்குக் கிண்ணங்களும் அதே யோசனைதான். இரண்டு பர்னர் அடுப்பு மூன்று பர்னர் வேலையைப் பார்ப்பது இப்படித்தான்.

குக்கருக்குள் நடக்கும் அதிசயத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நெருப்பு இருப்பது அடியில். அப்படியிருக்க மேல்கிண்ணம் எப்படிக் கீழ்க்கிண்ணத்துக்குச் சமமாக வேகிறது? நீராவி ஒரு விசித்திரமான வேலைக்காரன். எங்கே குளிர்ச்சி இருக்கிறதோ அங்கே போய்த்தான் நீராக மாறும். மாறும்போது ஒரு கிலோ ஆவி ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பத்தை அந்த இடத்திலேயே இறக்கிவைக்கும். கிண்ணம் சூடேறிவிட்டால் ஆவி அங்கே படியாது, இன்னும் சூடேறாத கிண்ணத்தைத் தேடிப் போகும். யார் பின்தங்கியிருக்கிறாரோ அவருக்கே முதல் பந்தி. கடைசியில் எல்லாக் கிண்ணமும் ஒரே வெப்பநிலைக்கு வந்துசேரும். வெயிட் போட்ட குக்கருக்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கானால் தண்ணீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். இருபது டிகிரி கூடுதல் என்பது துவரம்பருப்புக்குப் பெரிய விஷயம். ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் வேகும் வேகம் தோராயமாக இரட்டிக்கும்.

"ஆவி நன்றாக வந்த பிறகு வெயிட்டைப் போடு" என்று அம்மாக்கள் சொல்வதற்கும் இதில் விடை இருக்கிறது. உள்ளே காற்று தங்கிவிட்டால் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்தக் காற்றுடையது. காற்று ஆவியைப்போல் படிந்து வெப்பம் தராது, வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். விசில் வரும், ஆனால் உள்ளே 120 டிகிரி இருக்காது. மேல்கிண்ணத்துப் பருப்பு நறுக்கென்று நிற்பதற்குப் பாதிக் காரணம் அவசரப்பட்டுப் போட்ட வெயிட்.

இன்னொன்று. சமையலுக்கு வேண்டியது சூடு; நெருப்பு அந்தச் சூட்டைக் கொண்டுவருகிற வழிகளில் ஒன்று. கொதி வந்த பிறகு அடுப்பு செய்வதெல்லாம் சுவர் வழியாகவும் ஆவியாகவும் வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்டுவதுதான். வெளியேறவே விடாவிட்டால் அடுப்பே வேண்டாம். ஃபிராங்ஃபர்ட் அடுக்களையில் இதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. வேலைக்குப் போகிற பெண் காலையில் ஒரு கொதி விட்டுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிட்டுப் போனால், மாலையில் வெந்திருக்கும். கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் ஊர் ஊராகப் பரப்பிய "சூடாறாப் பெட்டி" இதன் உறவு. சாதம் வடிக்க இன்று கடைகளில் விற்கும் தெர்மல் குக்கரும் அதே வம்சம். அரிசி பத்து நிமிடம் கொதித்தால் போதும், மிச்ச வேலையை மூடிய பெட்டி பார்த்துக்கொள்ளும். அதற்குள் அந்த பர்னரில் குழம்பு ஏறிவிடும். ராஜ்மா மாதிரிப் பயறுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதை நன்றாகக் கொதிக்கவைத்தே தீர வேண்டும், இல்லையென்றால் அதிலுள்ள நச்சுப் புரதம் போகாது.

இடத்தை இப்படியெல்லாம் சமாளித்துவிடலாம். சின்ன அடுக்களையில் சமாளிக்க முடியாத பற்றாக்குறை ஒன்றுதான்: காற்று.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 சதுர மீட்டர் தரை, விதிப்படி 2.75 மீட்டர் உயரம். உள்ளே உள்ள காற்று 14 கன மீட்டருக்கும் குறைவு, எடை சுமார் 16 கிலோ. ஒரு பர்னர் 2 கிலோவாட் வீச்சில் ஒரு மணி நேரம் எரிந்தால் 155 கிராம் சமையல் வாயு செலவாகும். அது எரிந்து கால் லிட்டர் தண்ணீரை ஆவியாகவும், 470 கிராம் கரியமில வாயுவையும் அந்த அறைக்குள் விடும். கதவையும் ஜன்னலையும் இறுக்கி மூடியிருந்தால், ஒரு மணி நேர முடிவில் காற்றில் கரியமில வாயு கிட்டத்தட்ட 2 சதவீதம். வெளிக்காற்றில் இருப்பது 0.04. அறையிலிருந்த ஆக்சிஜனில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு காலி. நல்ல அடுப்பிலும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தில் ஏறாமல் பக்கவாட்டில் தப்பிக்கிறது. அந்தத் தப்பித்த வெப்பம் மட்டுமே 16 கிலோ காற்றை 25 நொடிக்கு ஒரு டிகிரி சூடேற்ற வல்லது. சுவரும் மேடையும் அதை வாங்கிக்கொள்வதால் பிழைக்கிறோம். இன்டக்ஷன் அடுப்பில் இந்தத் தப்பித்தல் மிகக் குறைவு, எரிவதும் இல்லை. மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஆயிரம் வாதம் இருக்கலாம். சின்ன அறைக்கு அது தருகிற ஆசுவாசத்தை மறுக்க முடியாது.

தாளிக்கும்போது கிளம்பும் எண்ணெய்ப் புகையின் நுண்துகள்களும், தீயின் சூட்டில் காற்றிலேயே உருவாகும் நைட்ரஜன் டை ஆக்சைடும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. இரண்டுமே நுரையீரலுக்கு ஆகாதவை.

அறைக் காற்று முழுவதும் மணிக்கு இருபது முறை மாறினால் இவையெல்லாம் அடங்கும். அதற்கு மணிக்கு 275 கன மீட்டர் வெளியேற வேண்டும். சாதாரண ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் ஃபேன் வெளியே தள்ளுகிற அளவுக்கு உள்ளே வர வழி வேண்டும். எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் இறக்கை சுற்றும், காற்று நகராது. அதைவிடப் பரவலான தவறு, ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைப்பது. ஜன்னல் வழியே வந்த காற்று அடுப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே ஃபேன் வழியே வெளியேறிவிடும். காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து, சமையலறை வாசல் வழியாக வந்து, அடுப்பைத் தடவிக்கொண்டு போக வேண்டும். எனவே ஃபேன் ஓடும்போது அதை ஒட்டிய ஜன்னலை மூடுங்கள், தூரத்து ஜன்னலைத் திறங்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே ஃபேன் ஓடட்டும். அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

சின்ன அறையில் வாயுக் கசிவும் சீக்கிரம் ஆபத்தாகும். சமையல் வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையோடு தேங்கும். காற்றில் 2 சதவீதம் சேர்ந்தால் தீப்பிடிக்கும் நிலை. இந்த அளவு அறைக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் கசிந்தால் அது வந்துவிடும். தரையோரத்தில் அதற்கும் முன்பே. வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்சையும்கூட, தொடக் கூடாது. ரெகுலேட்டரை மூடிக் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து அவசர உதவி எண் 1906-ஐ அழைக்க வேண்டும்.

மறுபடி ஃபிராங்ஃபர்ட். அந்த அடுக்களையைப் புகழ்ந்தவர்கள் அளவுக்குத் திட்டியவர்களும் உண்டு. அடுக்களையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பிடிபடவில்லை. அழகான அலுமினிய இழுப்பறைகள் சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டின. அரிசி என்று பொறித்ததில் வேறெதுவோ இருந்தது. எல்லாவற்றையும்விட ஆழமான குற்றச்சாட்டு 1970-களில் பெண்ணியவாதிகளிடமிருந்து வந்தது: ஒரு பெண் ஓரடியும் வீணாக்காமல் வேலை செய்ய எல்லாம் செய்தீர்கள், அந்த வேலையை இன்னொருவர் பகிர்ந்துகொள்ள இடம் விட்டீர்களா? விடவில்லை. அந்த அறையில் ஒருவர் திரும்பலாம். இரண்டாமவர் வந்தால் இடிபடும். பெண்ணின் உழைப்பைக் குறைக்க நினைத்த வடிவம், அந்த உழைப்பை அவர் தலையிலேயே பூட்டியும்விட்டது. லிஹோட்ஸ்கியின் நோக்கம் அதுவல்ல என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குறை குறைதான்.

நம் ஃபிளாட்டுகளில் இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. 1.8 மீட்டர் அகல அறையில் இரு பக்கமும் 60 செ.மீ. மேடை போட்டால் நடுவில் மிச்சம் 60. ஒருவர் நிற்கலாம், அவ்வளவே. ஒரு பக்கம் மட்டும் மேடை போட்டால் மிச்சம் 120. இரண்டு பேர் முதுகோடு முதுகு உரசாமல் வேலை செய்ய வேண்டிய அகலம் அதுதான். எதிர்ச்சுவருக்கு மேடை வேண்டாம். தலைக்கு மேலே ஆழம் குறைந்த ஓர் அலமாரி போதும். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். மேடைக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே 120 செ.மீ. இருக்கிறதா என்று, அக்னி மூலையைத் தேடுகிற அதே அக்கறையோடு, வீட்டு ஆண்களே அளந்து பார்க்கட்டும். இருந்துவிட்டால் "உள்ளே இடமில்லை" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.